மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி. தேர்ந்தெடுத்து மாற்றுதல்: கடலோரத்தில் இருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து பழுதுபார்க்க வரும் மடிக்கணினிகள் பலவற்றோடு, உறை பிரித்த புதிய எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றும் சேர்ந்தே என் மேசைக்கு வருகிறது. “வாங்கிட்டேண்ணே, போட்டு மட்டும் குடுங்க” என்பார்கள். திறந்து பார்த்தால் அது அந்த மடிக்கணினியில் பொருந்தாது. உறை பிரித்துவிட்டதால் விற்றவரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். கீழே உள்ள வரிசையில் ஏழாவது இடத்தில்தான் பணம் கைமாறுகிறது. அதற்கு முந்தைய ஆறு படிகளுக்கும் செலவு ஏறக்குறைய இல்லை. அவற்றைத் தாண்டிக் குதிப்பவர்களே இரண்டு முறை வாங்குகிறார்கள்.

1. தாமதம் எதனால் என்று முதலில் கண்டறியுங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குச் சென்று, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகளைத் திறந்து வைத்து, பத்து நிமிடம் பொறுமையாகக் கவனியுங்கள். டிஸ்க் என்ற வரி 100 சதவீதத்திலேயே நின்று, ரேம் பாதியளவே நிரம்பியிருந்தால், எஸ்.எஸ்.டி. உங்கள் குறையைத் தீர்க்கும். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கதை வேறு.

ரேம் போதாதபோது விண்டோஸ் தன் தற்காலிகத் தரவை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது. அதனால் டிஸ்க்கும் 100 சதவீதம் காட்டும். பார்ப்பவர் டிஸ்க்கைக் குறை சொல்வார். 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பழையவை பலவும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. அவற்றில் எஸ்.எஸ்.டி.யோடு ரேமையும் கூட்டினால்தான் முழுப் பலன் கிடைக்கும். இரண்டுக்கும் பணமில்லை என்றால் முதலில் எஸ்.எஸ்.டி.யை மாற்றுங்கள், ஏனெனில் ரேம் குறைவால் நிகழும் அந்த எழுத்தும் படிப்பும்கூட எஸ்.எஸ்.டி.யில் விரைவாக முடியும்.

டிஸ்க் என்ற பெயருக்கு அருகிலேயே எச்.டி.டி. (ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்.எஸ்.டி. என்று விண்டோஸ் காட்டும். ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்தால், நீங்கள் செய்யப்போவது கொள்ளளவைக் கூட்டும் வேலை மட்டுமே. வேகத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவசச் செயலியையும் இப்போதே ஓட்டிப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கின் நிலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டினால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்றாம் படிக்குச் சென்று தரவைக் காப்பாற்றுங்கள்.

2. பேட்டரி தாங்குகிறதா என்று பாருங்கள்

கடலோர வீடுகளிலும் கடைகளிலும் பேட்டரி செத்த மடிக்கணினியைச் சார்ஜரிலேயே ஓட்டும் பழக்கம் மிகுதி. மழைக்காலத்தில் மின்சாரம் நொடிப்பொழுது போய் வரும்போதெல்லாம் அத்தகைய மடிக்கணினி அணைந்து விழுகிறது.

எந்தத் தரவு எந்தச் சில்லின் எந்த மூலையில் இருக்கிறது என்பதற்கான அட்டவணை ஒன்றை எஸ்.எஸ்.டி. தனக்குள் எப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதையலாம். அரிதாக, டிரைவே அடையாளம் தெரியாமல் போகலாம். சர்வர்களுக்கான டிரைவ்களில் இதற்கென மின்தேக்கிகள் இருக்கும். நாம் வாங்கும் சாதாரண டிரைவ்களில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. மடிக்கணினியில் அந்த வேலையைச் செய்வது பேட்டரிதான்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதினைந்து நிமிடம் வேலை செய்து பாருங்கள். தாங்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால், அதாவது தொடுபலகை மேலெழுந்தோ அடிமூடி வளைந்தோ இருந்தால், அந்த மடிக்கணினியை இயக்குவதையே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

3. தரவையும் சாவிகளையும் வெளியே எடுங்கள்

மடிக்கணினியின் ஒரு திருகைத் தொடுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். திறக்கும்போது தவறு நேர்ந்தால், வெளியே இருக்கும் நகல் மட்டுமே உங்களுடையது.

படங்களையும் ஆவணங்களையும் எல்லோரும் நினைவாக நகலெடுக்கிறார்கள். மறப்பவை வேறு. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் ஒன்று. கணக்குக்கு டேலி பயன்படுத்துபவர்கள், தரவுக் கோப்புறையை நகலெடுப்பதோடு, உரிமத்தை அந்தக் கணினியிலிருந்து முறையாக விடுவித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். இல்லையென்றால் புதிய டிரைவில் டேலியைத் திறக்கும்போது உரிமம் இன்னும் பழைய நிறுவலிலேயே இருப்பதாகச் சொல்லும்.

மூன்றாவது நம் மொழிக்கே உரியது. பத்திர எழுத்தர்களும் அச்சகத்தாரும் பழைய கோயில் கணக்குகளை வைத்திருப்பவர்களும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்த எழுத்துருக்கள் புதிய விண்டோஸில் இருக்காது. கோப்பு பத்திரமாக வந்து சேர்ந்த பிறகும், திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களையும், தட்டச்சுச் செயலியின் நிறுவல் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

இறுதியாக பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் குறியாக்கப் பூட்டு. விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் டிரைவ் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். உள்ளே எதையாவது மாற்றியதும் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதே மடிக்கணினியில் கோப்பாகச் சேமிப்பது பெட்டிக்குள்ளேயே பூட்டின் சாவியை வைப்பதற்குச் சமம். குளோன் செய்யப்போகிறீர்கள், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுக்கப்போகிறீர்கள் என்றால் குறியாக்கத்தை முழுமையாக நீக்கிவிட்டுச் செய்வதே தொல்லையற்ற வழி.

4. திறந்து, உள்ளே என்ன இடம் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி இதுதான்.

மடிக்கணினியின் அடியில் உள்ள முழு மாதிரி எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடி எடுங்கள். எந்தத் திருகு எங்கே மறைந்திருக்கிறது, ரப்பர் கால்களுக்கு அடியில் ஏதும் உண்டா என்பவை அதில் இருக்கும். ஆனால் கையேட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல உள்ளமைப்புகள் விற்கப்படுகின்றன.

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த மடிக்கணினியை உடனே திறக்காதீர்கள். நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த உலோகத்தின் மீது அது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படியும். அரை மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். மணல் துகள் ஒன்று கனெக்டருக்குள் சென்றால் அதை எடுப்பது பெரும்பாடு.

முழுமையாக அணைத்து, சார்ஜரை நீக்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். அணைத்த நிலையிலும் மதர்போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் இருக்கும்; திருப்புளி நழுவினால் அது போதும்.

இராமேசுவரம் தீவுப் பகுதியிலிருந்து வரும் மடிக்கணினிகளில் அடித்திருகுகள் துருவேறி இருப்பது வழக்கம். அளவு குறைந்த திருப்புளியால் திருகினால் தலை தேய்ந்து, பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சரியான நுனியைத் தேர்ந்து, மேலிருந்து நன்றாக அழுத்தியபடி, முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிது அசைத்து, பிறகு தளர்த்துங்கள். துரு நீக்கும் எண்ணெயை அங்கே ஊற்றக் கூடாது. அது மதர்போர்டில் பரவும். கழற்றிய திருகுகளை, மடிக்கணினியின் படத்தைத் தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். நீளம் வேறுபடுவதால், நீளத் திருகைக் குட்டையான துளையில் இறக்கி விசைப்பலகையைத் துளைத்தவர்கள் உண்டு.

உள்ளே நீங்கள் காணக்கூடியவை இவை.

சட்டைப்பையில் அடங்கும் அளவுள்ள தட்டையான பெட்டி ஒன்று இருந்தால் அது 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க் காலத்திலிருந்து வரும் இணைப்பு முறை) டிரைவ். பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் இவ்வகை. பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதிய எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்பச் சட்டம் தேவைப்படும். 7 மில்லிமீட்டருக்கென்றே அமைந்த இடத்தில் தடிமனானது நுழையாது.

மெல்லிய பட்டை வடிவில், ஒரு முனை செருகப்பட்டு மறுமுனை ஒற்றைத் திருகால் பிடிக்கப்பட்டிருந்தால் அது எம்.2. இதன் அளவு நான்கு இலக்க எண்ணால் குறிக்கப்படும்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்பவை குட்டையானவை. நீளமானதைக் குட்டையான இடத்தில் பொருத்த வழியே இல்லை. குட்டையானதை நீளமான இடத்தில் பொருத்தலாம். திருகு பிடிக்கும் மேடை அந்த நீளத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இந்த எம்.2 வடிவத்துக்குள்ளேயே சாட்டா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. என்று இருவேறு வகைகள் இருப்பதுதான் குழப்பத்தின் வேர். சாட்டா வகை டிரைவின் செருகும் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும், என்.வி.எம்.இ. வகையில் பெரும்பாலும் ஒன்று. ஆனால் ஸ்லாட்டைப் பார்த்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. இரண்டையும் உடலளவில் ஏற்கும் ஸ்லாட், மின்னளவில் ஒன்றை மட்டுமே அறிந்திருக்கலாம்.

நானே இதில் ஏமாந்தவன். கருவாட்டு வியாபாரி ஒருவரின் மடிக்கணினிக்கு, மாதிரிப் பெயரை மட்டும் பார்த்து என்.வி.எம்.இ. டிரைவ் ஒன்றை வாங்கினேன். அது அழகாக அமர்ந்தது, திருகும் பிடித்தது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளில்) மட்டும் தெரியவில்லை. டிரைவ் செத்துப் பிறந்தது என்று அரை நாள் அதனோடு மல்லுக்கட்டிய பிறகு, அந்த உள்ளமைப்பின் ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும் என்பது கையேட்டின் அடிக்குறிப்பில் தெரிந்தது. எனவே, எம்.2 ஸ்லாட்டில் ஏற்கெனவே டிரைவ் இருந்தால் அதன் முகப்பு ஒட்டியைப் படம் எடுத்து, அதே வகையையே வாங்குங்கள். காலியாக இருந்தால் கையேட்டில் உங்கள் உள்ளமைப்புக்கான வரியைத் தேடிப் படியுங்கள். வைஃபை அட்டை செருகியிருக்கும் சிறிய ஸ்லாட்டைக் கண்டு மயங்க வேண்டாம். அதில் சேமிப்பு டிரைவ் நுழையாது.

எதுவுமே கழற்றும்படி இல்லாமல் மதர்போர்டிலேயே சில்லுகள் ஒட்டவைக்கப்பட்டிருந்தால், மாற்றுவதற்கு ஏதுமில்லை. மலிவான சில மடிக்கணினிகளும் அண்மைய மேக்புக்குகளும் இப்படித்தான். மூடிவிட்டு, பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்திருக்கும்போதே ஒரு தூரிகையால் விசிறியையும் காற்று வெளியேறும் வழியையும் துடையுங்கள், விசிறியின் இதழைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு. உப்பு கலந்த தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கனெக்டர்களில் வெண்படலமோ பச்சையோ தெரிந்தால், தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து உலர விடுங்கள். கைகழுவும் சானிட்டைசர் இதற்கு உதவாது. அதில் கலந்துள்ள பிசுக்கு அங்கேயே தங்கிவிடும்.

5. கொள்ளளவை முடிவு செய்யுங்கள்

இப்போது நிரம்பியிருக்கும் அளவைப் பார்த்து, அதன் இரு மடங்குக்கு அருகிலுள்ள கொள்ளளவைத் தேர்ந்தெடுங்கள். டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தில்தான் டிரைவ் தன் உள் ஒழுங்கமைப்பைச் செய்கிறது. கழுத்து வரை நிரப்பினால் எழுதும் வேகம் சரியும்.

512 ஜிபி வாங்கியவர் விண்டோஸில் 476 என்று கண்டு ஏமாற்றப்பட்டதாகக் கோபப்படுவார். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

படிப்புக்கும் கணக்குக்கும் 256 ஜிபி போதும். இருப்பினும் 500 அல்லது 512 என்பதையே நான் சொல்வேன். ஒரே வகை டிரைவில் கொள்ளளவு கூடும்போது சில்லுகள் அதிகமாகி, எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்தே கூடுகின்றன. திருமண வீடியோ வேலை செய்வோர் ஒரு டெராபைட்டுக்குக் குறைய வேண்டாம்.

6. வகையையும் வேகத்தையும் வெப்பத்தோடு சேர்த்துப் பாருங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண் தொடர்ச்சியான வேகம். சாட்டாவில் அது நொடிக்குச் சுமார் 550 மெகாபைட், மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இ.யில் (என்.வி.எம்.இ. டிரைவ்கள் பயன்படுத்தும் இணைப்பு) சுமார் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000 வரை. அன்றாட வேலையில் உங்களுக்குத் தெரியும் வேகம் இதுவன்று. விண்டோஸ் தொடங்குவதும் செயலி திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு சிறு படிப்புகளால் ஆனவை. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ நூறு சிறு படிப்புகளைத்தான் செய்யும். மிக மலிவான எஸ்.எஸ்.டி.கூடப் பல்லாயிரம் செய்யும். அந்தத் தாவலை ஒருமுறை தாண்டிய பிறகு, மூன்றாம் தலைமுறைக்கும் நான்காம் தலைமுறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கடிகாரம் வைத்து அளந்தால்தான் உணர முடியும்.

நான்காம் தலைமுறை டிரைவ் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஸ்லாட்டின் வேகத்தில். விலை ஒன்றாக இருந்தால் வாங்கலாம். அதற்கென்று கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் வெப்பத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்பது இங்கே இன்னும் முக்கியம். சித்திரை, வைகாசியில் குளிரூட்டி இல்லாத அறையில், மெல்லிய மடிக்கணினிக்குள் உச்ச வேக டிரைவ் ஒன்று அடைபட்டால், அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான டிரைவ்களுக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் குறிப்பிடப்படும் இயங்கு வரம்பு. மிதமான வேகமும் குறைந்த மின்நுகர்வும் கொண்ட, ஒரு பக்கம் மட்டும் சில்லுகள் உள்ள டிரைவே நம் ஊருக்கு ஏற்றது. இரு பக்கமும் சில்லுகள் உள்ளவை சில மெல்லிய மடிக்கணினிகளில் மதர்போர்டில் இடித்து, மூடியை மூட விடாது.

சில டிரைவ்களில் முன்சொன்ன அட்டவணையை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு டிராம் சில்லு இருக்கும். என்.வி.எம்.இ. வகையில் அது இல்லாவிட்டாலும், மடிக்கணினியின் ரேமில் சில பத்து மெகாபைட்டைக் கடன் வாங்கிச் சமாளிக்கும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. சாட்டாவில் அந்த வசதி இல்லை; ஆகவே 2.5 அங்குல டிரைவ் வாங்குபவர்கள், விலை வேறுபாடு சிறிதென்றால், டிராம் உள்ளதைத் தேடுவது தகும்.

சில்லின் வகையில், தரவு தங்கும் ஓர் அறைக்கு மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி.யைத் தேர்ந்தெடுங்கள். கியூ.எல்.சி. வகையில் ஓர் அறைக்கு நான்கு பிட் அடைக்கப்படுவதால் மலிவு; ஆனால் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது, தற்காலிக விரைவுப் பகுதி நிரம்பியதும், வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடலாம். ஆயுளைப் பற்றிய அச்சம் பெரும்பாலோர்க்குத் தேவையில்லை: 500 ஜிபி டி.எல்.சி. டிரைவுக்கு வழக்கமாகக் குறிப்பிடப்படும் 300 டெராபைட் எழுத்து வரம்பை, நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதினாலும் தீர்க்க இருபத்தேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மடிக்கணினியை உப்பு தின்றிருக்கும்.

மிகப் பழைய மடிக்கணினியில் இன்னொரு கேள்வி உண்டு. என்.வி.எம்.இ. ஸ்லாட்டே இல்லாமல், மாற்று அட்டை வழியாகப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பயாஸால் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியாது.

7. இப்போது வாங்குங்கள்

இணையத்தில் வாங்கினாலும் மதுரைக்குச் சென்று வாங்கினாலும், வரிசை எண் குறித்த பில்லை வாங்குங்கள். உத்தரவாதம் மூன்று ஆண்டா ஐந்து ஆண்டா என்பதோடு, பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். துருவும் திரவச் சேதமும் பொதுவாக உத்தரவாதத்தில் அடங்குவதில்லை. கடலோரத்தவர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பெயர் தெரியாத நிறுவனத்தின் பெயரில் பல டெராபைட் கொள்ளளவு நம்ப முடியாத விலையில் வந்தால் தொடாதீர்கள். சிறிய சில்லு ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய எண்ணைக் காட்டும்படி மாற்றப்பட்டவை அவை. ஆரம்பத்தில் எழுதிக்கொள்ளும், எல்லையைத் தாண்டியதும் பழைய கோப்புகளின் மீதே எழுதி அழிக்கும்.

டிரைவோடு சேர்த்தே வாங்க வேண்டியவை: டிரைவின் வகைக்கு ஏற்ற யு.எஸ்.பி. உறை (டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி; சாட்டாவுக்கானது என்.வி.எம்.இ.க்கு உதவாது), எம்.2 திருகு ஒன்றிரண்டு, சிறு நட்சத்திர நுனித் திருப்புளிகளும் மூடியை நெம்ப ஒரு பிளாஸ்டிக் பட்டையும் (நான்காம் படிக்கே வாங்கியிராவிட்டால்), 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ். அந்த எம்.2 திருகு பல டிரைவ்களின் பெட்டியில் வருவதில்லை, காலி ஸ்லாட்டிலும் இருப்பதில்லை. அரிசி அளவுள்ள அந்த ஒற்றைத் திருகுக்காகத் தீவிலிருந்து இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

8. குளோனா, புதிய நிறுவலா?

பழைய விண்டோஸ் நலமாக ஓடி, டிஸ்க்கும் நலமாக இருந்தால் குளோன் செய்யலாம். வைரஸ், பழுதான டிஸ்க், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புதிதாக நிறுவுங்கள். குறிப்பாக, சாகும் நிலையிலுள்ள டிஸ்க்கைக் குளோன் செய்யும் முயற்சியே அதற்குக் கடைசி அடியாகிவிடும்.

குளோன் செய்ய, புதிய டிரைவை உறையில் வைத்து யு.எஸ்.பி.யில் செருகி, குளோன்சில்லா போன்ற செயலியையோ டிரைவ் நிறுவனம் தரும் செயலியையோ பயன்படுத்துங்கள். எது மூலம், எது இலக்கு என்பதைப் பெயரையும் கொள்ளளவையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். இதைத் திருப்பிப் போட்டால் வெற்று டிரைவ் உங்கள் தரவின் மீது நகலாகும். மூன்றாம் படியைத் தாண்டியவர்கள் அழுவது இந்த இடத்தில்தான். புதிய டிரைவ் சிறியதென்றால் பழைய டிஸ்க்கின் பகுதிகளை (பார்ட்டிஷன்களை) முன்கூட்டியே சுருக்க வேண்டும்.

300 ஜிபி தரவுக்கு நல்ல யு.எஸ்.பி. 3 துளையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், பழைய யு.எஸ்.பி. 2 துளையில் இரண்டரை மணி நேரம். பேட்டரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரையும் செருகி, தூங்கும் நிலையை முடக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

புதிதாக நிறுவுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்டெல் 11ஆம் தலைமுறை மற்றும் அதற்குப் பிந்தைய பல மடிக்கணினிகளில், விண்டோஸ் நிறுவலின்போது டிரைவ் எதுவும் இல்லை என்று காட்டும். டிரைவ் பழுதன்று, வி.எம்.டி. என்னும் அமைப்புக்கான இயக்கிக் கோப்பு நிறுவலில் இல்லாததே காரணம். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்தக் கோப்பை இறக்கி, விரித்து, பென்டிரைவில் முன்பே வைத்துக்கொண்டு, ‘லோட் டிரைவர்’ வழியாகக் கொடுங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற பழைய மடிக்கணினியில் எப்படியும் புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்றால், லினக்ஸை நிறுவுவது பற்றி யோசிக்க இதுவே தருணம்.

9. பொருத்துங்கள்

நான்காம் படியின் ஒழுங்குகள் அனைத்தும் இங்கும் பொருந்தும்: அணைத்தல், அறை வெப்பம், பேட்டரி இணைப்பு. டிரைவைத் தொடுமுன் நிலை மின்சாரம் வெளியேற, சன்னல் கம்பி போன்ற உலோகத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

எம்.2 டிரைவைச் சாய்வாகச் செருகி, பொன்னிற முனைகள் மறைந்த பிறகு மறுமுனையை அழுத்தித் திருகுங்கள். திருகு நின்றதும் நிறுத்திவிடுங்கள். டிரைவின் மேல் ஒட்டியைக் கிழிக்காதீர்கள். சிலவற்றில் அதுவே வெப்பத்தைப் பரப்பும், பெரும்பாலானவற்றில் உத்தரவாதத்துக்கான எண் அதில்தான் இருக்கும்.

10. முதல் தொடக்கமும் சோதனையும்

மூடியைத் திருகுவதற்கு முன்பே, பேட்டரியை இணைத்து இயக்கி, பயாஸில் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எடுத்து மீண்டும் செருகுங்கள். குளோன் செய்தவர்கள் முதல் தொடக்கத்தின்போது பழைய டிஸ்க்கை இணைத்து வைக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

விண்டோஸ் வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மொத்தம் இயங்கிய மணிநேரத்தைப் பாருங்கள். புதியது என்று வாங்கியதில் ஆயிரக்கணக்கான மணிநேரம் இருந்தால், யாரோ பயன்படுத்தியது உங்களிடம் வந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். கொள்ளளவில் சந்தேகம் இருந்தால், உறையில் வெறுமையாக இருக்கும்போதே எச்2டெஸ்ட்டபிள்யூ செயலியால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும்.

அடுத்து, பெரிய கோப்பு ஒன்றைப் பத்து நிமிடம் நகலெடுத்தபடி வெப்பநிலையைக் கவனியுங்கள். 70 டிகிரியைத் தாண்டினால், டிரைவுக்கும் மூடிக்கும் இடையே வெப்பம் கடத்தும் திண்டு ஒன்றை வைக்க இடமுண்டா என்று பாருங்கள். மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தும் பழக்கத்தை விடுவது அதைவிட எளிது.

விண்டோஸின் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பகுதியில் டிரைவின் வகை எஸ்.எஸ்.டி. என்றே காட்டப்பட வேண்டும். அங்குள்ள தானியங்கிக் கால அட்டவணையை அணைக்காதீர்கள். அது காலியான இடங்களை டிரைவுக்குத் தெரிவிக்கிறது. ஹார்ட் டிஸ்க் காலத்து டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும்) செயலிகளை நீக்கிவிடுங்கள்.

11. பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள்

ஒரு மாதமாவது அதை அப்படியே வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு நினைவுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், கல்லூரிச் சேர்க்கைக்கோ வங்கிக் கடனுக்கோ ஒரு சான்றிதழைத் தேடும்போது.

அதன் பிறகு, நலமாக இருந்தால், உறையில் வைத்துக் காப்பு நகலுக்குப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் நகலுக்கு எஸ்.எஸ்.டி.யைவிட ஹார்ட் டிஸ்க்கே ஏற்றது. எஸ்.எஸ்.டி. தன் தரவை மின்னூட்டமாக வைத்திருக்கிறது. வெப்பத்தில் அது மெல்லக் கசியும். எழுத்து வரம்பை எட்டிய சாதாரண டிரைவ், மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறைத் தரம். நம் அலமாரிகள் 30 டிகிரியில் நிற்பதில்லை. புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், ஒரே நகலை அதில் மட்டும் வைக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, செருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, பொட்டலத்தை மாற்றிவிட்டு மூடுங்கள்.